மறமும் மறவரும்

மறம் என்னும் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்களை ஒருங்கே வைத்துப் பார்ப்போர் சிறிது திகைக்கவே செய்வர். வீரம், வலிமை, சினம், பகை, கொலை, பாவம் என அச்சொல்லின் பொருள் விரிந்து செல்கிறது. போர்க்களத்திற் பாராட்டப்படுவதும் அதுவே. அறத்திற்கு எதிராக வைத்துப் பழிக்கப்படுவதும் அதுவே. இச்சொல்லையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் சமூகம் ஒன்று தென்தமிழகத்தில், இராமநாதபுரம், சிவகங்கை, திருநெல்வேலிப் பகுதிகளிலே வாழ்கின்றது. மறவர் எனப்படும் அம்மக்களின் வரலாற்றை ஊன்றிப் படிக்குந்தோறும், ஆளுவோர் அச்சொல்லின் எந்தப் பொருளை எக்காலத்தில் அவர்கள்மேற் சுமத்தினர் என்பதே அவ்வரலாற்றின் மையம் என எனக்குத் தோன்றுகிறது. படை வேண்டியபோது அவர்கள் வீரர்; படை வேண்டாதபோது கள்வர்.

உயர்தர வகுப்பிற் புறநானூறு கற்பித்த ஆண்டுகளில் மாணவர் என்னிடம் பலமுறை கேட்ட வினா ஒன்றுண்டு. வீரம் இரத்தத்தில் ஊறி வருவதா? அதைப் பரம்பரையாகப் பெற்ற குலங்கள் உண்டா? நமது நாட்டில், நாம் கடந்துவந்த காலத்திற்குப் பின், இது வெறும் இலக்கிய வினாவன்று. ஆகவே, இவ்வினாவுக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சுட்டும் சமூகத்தையே எடுத்து ஆராய்தல் பயனுடையதென எண்ணுகிறேன்.

தோற்றம் பற்றி அச்சமூகத்தார் கூறும் கதைகள் பல. இராமபிரானைக் கங்கை கடத்திய குகனின் வழித்தோன்றல்கள் என்பர் சிலர். கள்ளர், மறவர், அகமுடையார் ஆகிய மூவரும் இந்திரனுக்கும் அகலிகைக்கும் பிறந்த மக்கள் என்பர் வேறு சிலர். ஆளும் நிலையை எய்திய ஒவ்வொரு கூட்டமும் வானுலகிலிருந்தோ காவியத்திலிருந்தோ தன் மூதாதையரைத் தேடிக்கொள்வது உலகெங்கும் நிகழ்ந்ததே; இராசபுத்திரருக்குச் சூரியனும் சந்திரனும் அக்கினிகுண்டமும் கிடைத்தது போல இவர்களுக்குக் குகன் கிடைத்தான். இக்கதைகளில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. நிலத்தைப் பார்ப்பதே தக்கது.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறுவதை மாணவர் அறிவர். பாலை என்பது தனியான நிலமன்று, பசி கொண்ட நிலம் என்பதே இதன் பொருள். அந்நிலத்து மக்களாக எயினரையும் மறவரையும் இலக்கணிகள் கூறினர். சிலப்பதிகாரத்து வேட்டுவவரியிற் சாலினி என்பவள் தெய்வமுற்று ஆடிக் கூறுவது கூர்ந்து நோக்கற்பாலது. பிறருடைய ஊர்களில் ஆநிரைகள் பெருகிவிட்டன, எயினரின் மன்றமோ வெறிச்சோடிக் கிடக்கிறது, இவர்களும் அறக்குடியினரைப் போல அடங்கிப்போனார்களே என்று அவள் இடித்துரைக்கிறாள். கொற்றவை கேட்கும் பலி பின்னரே வருகிறது. வெறுமையான மன்றம் முன்னரே வந்துவிடுகிறது. தெய்வத்தின் வாய்வழியே பேசியது பசிதான் என்று நான் கூறினால் சமயப் பற்றுடைய நண்பர்கள் சினவாதிருப்பாராக.

வெட்சியும் கரந்தையும் இப்பின்னணியிலேயே பிறந்தன. ஆநிரை கவர்தலும் மீட்டலும், வேளாண்மை பொய்த்த நாட்டின் பொருளாதாரம். அதில் இறந்தவனுக்குக் கல் நட்டனர். 2006 ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில், 'ஆகோள்' என்ற சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியத்தில் இலக்கணமாகப் படித்த சொல் ஒரு கல்லின்மீது, மாண்டவன் பெயரோடு கிடைத்தமை ஆய்வாளர்க்குப் பேருவகை அளித்தது. எனக்கு அதில் உறைத்தது வேறொன்று. அம்மனிதன் பேரரசு ஒன்றுக்காக மாளவில்லை. மாட்டு மந்தைக்காக மாண்டான். பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு கிரேக்க காவியங்களோடு ஒப்பிட்டபோது, வீரம் ஒரு சமுதாய கட்டத்துக்கு உரியது என்ற உண்மையை நம்மிற் பலர்க்கு உணர்த்தினார். யுகத்துக்கு உரியதைக் குலத்துக்கு உரியதாக மாற்றியவர் பிற்காலத்தோரே.

அரசுகள் வளர்ந்தபோது ஆநிரை கவர்ந்த கைகள் படைக்கலம் ஏந்திக் கூலி பெற்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, பாண்டிய அரசுரிமைப் போரில் தலையிடும்பொருட்டு இலங்காபுரன் என்னும் தளபதியை இராமேசுவரக் கரைக்கு அனுப்பிய வரலாற்றைச் சூளவம்சம் விரித்துரைக்கிறது. அங்கு எதிர்கொண்ட கூட்டத்தாருள் மறவரும் பெயர் சுட்டப்படுகின்றனர். நமது கடலுக்கு அக்கரையிலிருந்த அவர்கள் நமது வரலாற்று நூலில் இடம்பெற்றது இவ்வாறுதான். இன்னொரு தொடர்பும் உண்டு. சேதுவின் காவலர் என்ற பட்டம் இராமநாதபுரத்து மறவர் தலைவர்க்கே உரியதென இன்று எண்ணுகிறோம். ஆயின் அவர்களுக்குப் பல தலைமுறை முன்னரே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அப்பட்டத்தைச் சூடியிருந்தனர். தம் நாணயங்களிலும் 'சேது' எனப் பொறித்தனர். இராமேசுவரத்துக்குச் செல்லும் வழியும் முத்துக் குளிக்கும் கடலும் எவர் கையிலிருந்தனவோ அவரே சேதுகாவலர். பட்டம் குருதியைப் பற்றிச் செல்லவில்லை, சுங்கத்தைப் பற்றிச் சென்றது.

1605 அளவில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், யாத்திரிகரின் வழிக்குக் காவலாகச் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றார். அங்கிருந்து தொடங்கும் அரசு, கிழவன் எனப்பட்ட இரகுநாத சேதுபதியின் காலத்தில் உச்சமடைந்தது. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவர் அவரே. அருளானந்தர் எனத் தமிழர் அழைக்கும் ஜோன் டி பிரித்தோ அடிகள் 1693 இல் ஓரியூரிற் கொல்லப்பட்டதும் அவர் ஆட்சியிலேதான். அந்நகரிலுள்ள இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனையை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். சுவரெங்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள். நாயக்க மன்னர் சேதுபதிக்கு முடிசூட்டுகிறார். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. ஐரோப்பியர் வந்து வணங்கி நிற்கின்றனர். அந்தப்புரத்துப் பெண்கள் சூழ மன்னர் களித்திருக்கிறார். போர்வீரர் வரிசை வரிசையாக நிற்கின்றனர், ஒருவர் முகம்போல் மற்றவர் முகம். நிலம் மானியமாகப் பெற்று, அழைத்தபோது வேலெடுத்து வந்த சாதாரண மறவன் அவ்வரிசையிலே எங்கோ நிற்கிறான். வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வறண்ட மண், கருவேலம், நீர் வற்றிய கண்மாய். அக்கண்மாய்களை வெட்டியவர் எவரும் அச்சுவரில் இல்லை.

அவ்வோவியத்துப் பெண்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1710 இல் கிழவன் சேதுபதி எண்பது வயதைக் கடந்து இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் உடன்கட்டை ஏறியதாக இயேசுசபைக் குரு ஒருவரின் கடிதம் கூறுகின்றது. போர்க்குலப் பெருமையைப் பாடுவோர் இவ்வெண்ணை அவையில் உரைப்பதில்லை. ஆயின் அதே சமூகத்தின் சாதாரணக் குடிகளிடையே வேறொரு மரபு நிலவியது. கொண்டையங்கோட்டை மறவர் ஆறு கொத்துகளாகவும், ஒவ்வொரு கொத்தும் மும்மூன்று கிளைகளாகவும் பிரிந்துள்ளனர். கொத்துகளின் பெயர்கள் மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சு, பனை என்பன. வாளும் வேலுமல்ல, தோட்டத்துப் பயிர்கள்! ஒரே கிளையினர் மணந்துகொள்ளலாகாது. பிள்ளை தாயின் கிளையையே சேரும். தந்தையும் மகனும் வெவ்வேறு கிளையினர். எனவே அண்ணனின் பிள்ளையும் தங்கையின் பிள்ளையும் தடையின்றி மணம் செய்வர். தாய்வழிக் குடி முறையை மட்டக்களப்பிற் கண்டு பழகிய நம் வாசகர்க்கு இது வியப்பளிக்காது. ஆண்மையின் உறைவிடமாகப் பேசப்படும் சமூகம் தன்னைக் கணக்கிட்டுக்கொண்டது தாயை வைத்து. எட்கார் தேர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இச்செய்திகளைக் காணலாம். அவர் மனிதரின் மண்டையை அளந்து குணம் கண்டறிய முயன்றவர் என்பதையும் மறவாது படித்தல் வேண்டும்.

படைக்கலங்களுள் வளரி தனிச்சிறப்புடையது. வளைந்த மரத்தாலோ இரும்பாலோ ஆகிய எறிதடி அது. கள்ளர் திருமணங்களில் மணமக்களின் வீட்டார் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றதாகக் கும்பினிப் படையதிகாரி வெல்ஷ் தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். கற்பித்தவரையே பின்னர் வேட்டையாடிப் பிடிக்கும் படையில் அவர் சென்றார். இராமநாதபுரமும் சிவகங்கையும் 1772 இல் கும்பினியிடமும் ஆர்க்காட்டு நவாபிடமும் வீழ்ந்ததையும், காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் மாண்டதையும், அவர் மனைவி வேலுநாச்சியார் ஐதர் அலியின் துணைகொண்டு 1780 இல் சிவகங்கையை மீட்டதையும், மருது சகோதரர் 1801 அக்டோபர் 24 இல் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டதையும் இங்கு விரிக்கவில்லை. அவை பலரும் அறிந்தவை. மருது சகோதரர் அரச மறவர் குலத்தினர் அல்லர் என்பதையும், அவர்களுடைய 1801 ஆம் ஆண்டுப் பிரகடனம் சாதி கடந்து எல்லாரையும் அழைத்தது என்பதையும் மட்டும் குறித்துக்கொள்வோம்.

அதன்பின் நிகழ்ந்ததே முக்கியமானது. 1801 டிசம்பரிலே கும்பினி அரசு ஆயுதங்களை ஒப்படைக்கப் பறைசாற்றியது. 1803 இல் இராமநாதபுரம் ஜமீனாயிற்று. அரசராயிருந்தோர் நிலவரி தண்டித் தரும் ஜமீன்தார்களாயினர், படைவீரனாயிருந்தவன் குடியானவனானான். ஜமீன்தாருக்குக் குறையொன்றுமில்லை. அவர்கள் தமிழையும் சைவத்தையும் புரந்தனர். நமது ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குப் பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவி செய்ததும், 1901 இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றப் பாண்டித்துரைத் தேவர் காரணராயிருந்ததும் நன்றியோடு நினைக்கத்தக்கனவே. படையிழந்த மறவனுக்கு எஞ்சியது காவல் தொழில் ஒன்றுதான். ஊர்க்காவல், திசைக்காவல் என அது நெடுங்காலம் நிலவியது. ஊரார் விளைச்சலிற் பங்கு கொடுப்பர். மாடு களவு போனால் காவற்காரன் மீட்டுத்தர வேண்டும், இயலாவிடின் ஈடு செலுத்த வேண்டும். ஆங்கில அரசு பொலிசை நிறுவிக் காவற்கூலியைச் செல்லாதென்றது. ஆயினும் கூலி கொடாத ஊரில் மாடு காணாமற் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் அது திரும்பி வருவதும் தொடர்ந்தன. 1896 அளவில் திண்டுக்கற் பகுதி உழவர்கள் பண்டு திரட்டிக் கள்ளரின் காவலை எதிர்த்துக் கிளர்ந்தனர். காவலைப் பெருமையாக மட்டும் பேசுவோர் அவ்வுழவரின் பக்கத்தில் நின்றும் ஒருமுறை பார்ப்பது நன்று.

ஏகாதிபத்தியத்தின் அகராதியில் இக்காலத்திற்றான் இரண்டு பட்டியல்கள் எழுந்தன. ஒன்று போர்க்குலங்களின் பட்டியல். சென்னைப் படைக்குத் தளபதியாயிருந்து பின் இந்தியப் படைக்கே தலைமை ஏற்ற றொபேட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்று முடிவு கட்டினார். கூர்க்கரும் சீக்கியரும் பட்டாணியரும் வீர இனங்களாயினர். மற்றது குற்றப் பரம்பரையினரின் பட்டியல். 1871 இல் வட இந்தியாவுக்கு இயற்றிய சட்டம், 1911 இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளரும் பின்னர் ஆப்பநாட்டு மறவரும் அதனுட் சிக்கினர். வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் கைரேகை பதிய வேண்டும். ஊரைவிட்டுச் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். குறிக்கப்பட்டோர் இரவிற் பொலிசின் கண்முன்னே படுத்துறங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 இல் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த கள்ளர்மீது பொலிசார் சுட்டதில் மாயாக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். மதுரை வழக்கறிஞர் ஜோர்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் ஒழிந்தது. இந்தியா முழுவதும் 1952 இல். பிறப்பினால் வீரன் என்பதும் பிறப்பினால் திருடன் என்பதும் ஒரே சிந்தனை. குருதியில் குணம் கண்ட அதே அதிகாரி வர்க்கம், தனக்குப் பணிந்தவனுக்கு முதற் பட்டியலையும் பணியாதவனுக்கு இரண்டாவதையும் கொடுத்தது. முதற் பட்டியலைப் பெருமையாக ஏற்பவர் இரண்டாவதை மறுக்க இயலாது.

இவ்விடத்தில் நமது நாட்டு எழுத்தாளர் ஒருவரின் கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தராக்கி எனப் புகழ்பெற்று, 2005 ஏப்ரலிற் கொலையுண்ட தர்மரத்தினம் சிவராம், 1992 இல் 'லங்கா கார்டியன்' இதழிலே தமிழரின் படைமரபு பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். ஆங்கிலேயர் மறவர் முதலிய படைக்குலங்களை அடக்கியதும், அக்குலங்களின் வீரமரபு தமிழ்த் தேசியத்தில் மீண்டும் தலையெடுத்ததும் அவர் காட்டிய வழி. நுண்மாண் நுழைபுலம் வாய்ந்த ஆய்வு அது. ஆங்கிலேயரின் பங்கைப் பற்றி அவர் கூறியதை நான் பெரிதும் ஏற்கிறேன். எனினும் ஈழத்திற் போரிட்டு மாண்ட இளைஞர் எந்தப் படைக்குலத்திலிருந்தும் வந்தாரல்லர். கடற்றொழிலாளர், உழவர், ஆசிரியர், தோட்டத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்தோர் என்று பலர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அவர்களை எழுப்பியது 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் நெருப்பு, குலமரபு அன்று. மரபு பின்னர் தேடி எடுக்கப்பட்டது. ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலை மேடைதோறும் முழக்கினோம். முதல்நாளும் நேற்றும் தன் வீட்டு ஆண்களைப் போருக்குக் கொடுத்தவள், இன்று தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி வேல் கொடுத்து அனுப்புகிறாள். அவள் கணவன் பட்டது ஆநிரைப் பூசலில் என்பதை மேடையில் எவரும் சொல்லவில்லை. துணிவைக் கண்டு புலவர் வியந்தார் என்போம். அச்சொற்களில் ஒரு நடுக்கமும் கலந்திருப்பதாகவே நான் என் மாணவர்க்குக் கூறிவந்தேன். நடுகல்லும் நமக்கு மீண்டு வந்தது. 2009 இன் பின் இராணுவம் துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளியது. நவம்பர் தோறும் அவ்விடத்தைத் தேடி வரும் தாய்மாருக்கு எந்தக் குலத்தின் வரலாறும் தேவைப்படுவதில்லை.

போர்க்குல வாதம் தொடாது விடும் இன்னொன்றும் உண்டு. அவ்வீரம் எவர்மேற் பாய்ந்தது என்பதே அது. 1897 இற் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார் சமூகத்தினர் நுழைந்தபோது, கோயிலின் அறங்காவலராகிய சேதுபதி வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1908 இல் நாடார்க்கு எதிராகவே தீர்த்தது. 1899 இல் மறவர் திரண்டு சிவகாசியைத் தாக்கினர். வேலுநாச்சியாரின் வழித்தோன்றல்கள் என்போர் கும்பினியின் வாரிசுகளது நீதிமன்றத்தில் நின்று, உழைத்து முன்னேறிய மக்களைக் கோயிலுக்குப் புறத்தே நிறுத்த ஆணை கேட்டனர்! 1968 இல் மாவிட்டபுரத்து வாயிலில் நடந்ததைக் கண்டவர்க்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே கதவை மறித்தவர்கள் போர்க்குலத்தினரும் அல்லர்.

1957 இல் முதுகுளத்தூரில் மறவர்க்கும் தேவேந்திரர்க்கும் இடையே மூண்ட கலவரம் அதனினும் கொடியது. செப்டெம்பர் 10 இல் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதான மாநாட்டிலே தேவேந்திரர் சார்பிற் சமமாக அமர்ந்து பேசிய இம்மானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியிற் கொல்லப்பட்டார். 14 ஆம் நாள் கீழத்தூவலிலே மறவர் ஐவரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். அக்கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவர் 1959 இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். கைரேகைச் சட்டத்தை எதிர்த்து முன்னர்ப் போராடியவரும் அவரே. இம்மானுவேல் சேகரன் இந்திய இராணுவத்திலே பணிபுரிந்து திரும்பியவர். போர்க்குலமென்று தம்மைக் கூறிக்கொண்டோர், சீருடை அணிந்து சிப்பாயாயிருந்த ஒருவரைத் தமக்குச் சமமாக இருக்கையில் அமர்ந்தமைக்காகப் பொறுக்க மாட்டாராயினர். அவர் நினைவு நாளுக்குப் பரமக்குடியிற் கூடியோர்மீது 2011 செப்டெம்பர் 11 இல் பொலிசார் சுட்டதில் மேலும் பல உயிர்கள் போயின.

இன்று அப்பகுதியிற் செல்பவர் சுவர்தோறும் ஆண்ட பரம்பரை என்ற சொற்றொடரைக் காணலாம். கீழே மீசை முறுக்கிய இளைஞரின் படங்கள். அவர்களுட் பலர்க்கு நிலமில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குத் தொழில். அவ்விளைஞர் கல்லூரி அனுமதிக்கும் அரசு வேலைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற் பெறவேண்டிய சான்றிதழோ, அவர்களுடைய பாட்டன்மார் குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டோர் என்பதற்கானது. அப்பிரிவினரின் பெயரிலிருந்து 'பழங்குடி' என்ற சொல்லை 1979 இல் மாநில அரசு நீக்கிச் 'சமூகத்தினர்' என மாற்றியது. மத்திய அரசின் திட்டங்களுக்குப் பழைய பெயர் வேண்டியிருந்தமையால் அதை மீளத் தருமாறு கள்ளரும் மறவரும் ஆண்டுக்கணக்காகப் போராடினர். 2019 இல் ஓரளவு இணங்கிய அரசு, மாநிலத் தேவைக்கு ஒரு பெயரும் மத்திய தேவைக்கு மற்றொரு பெயருமாக வழங்க ஆணையிட்டது.